ஜமக்காளம்

2017 அக்டோபர் 31ஆம் தேதி யுனெஸ்கோ ஸ்தாபனம் சென்னையைத் தன்னுடைய படைப்பு நகரங்களின் வரிசையில், இசை என்ற பிரிவின் கீழ் சேர்த்துக்கொண்டது. ஓரிரு நாள் கழித்து, மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இந்தச் செய்தியைப் படித்தேன். (ஓ.டி. என்பதற்கு ஆளுக்கொரு விரிவு சொல்வார்கள். ஒன்றையும் நான் நம்பியதில்லை.) எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, ஏளனமும் வரவில்லை. எழுந்தது ஒரு எளிய சந்தேகம்தான்: இதில் நான் இருக்கிறேனா?

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. அம்பத்தூர் 2011 வரை தனி நகராட்சி. அந்த வருஷம்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டு அதன் ஏழாவது மண்டலம் ஆயிற்று. அடுத்திருக்கும் ஆவடி சேரவில்லை. 2019ல் தனியாகவே ஒரு மாநகராட்சி ஆகிவிட்டது. பூந்தமல்லி எங்களையெல்லாம்விட மூத்த ஊர், திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஸ்தலம் என்று வைஷ்ணவர்கள் கொண்டாடுகிற ஊர். அதுவும் கோட்டுக்கு வெளியே. அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு பஸ்ஸில் போகிறவனுக்கு நகரம் எங்கே முடிந்தது என்று தெரியப்போவதில்லை. பாரிஸிலிருந்து வரும் சான்றிதழுக்கு அது தெரியும். ஆக, 2011ல் நான் சென்னைவாசி ஆனேன். 2017ல் படைப்பு நகரவாசி ஆனேன். இரண்டு தடவையும் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

கேட்பதற்கும் அப்போது ஆள் இல்லை. மாநகராட்சி மன்றத்தின் ஆயுள் 2016 அக்டோபரில் முடிந்திருந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அந்த ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில் நகரம் அதிகாரிகளால் நடத்தப்பட்டது. நகரத்தில் வசிக்கிறவர்களின் பங்கேற்பைப் பெரிதாகப் பேசுகிற ஒரு அமைப்பு, வசிக்கிறவர்களின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நேரத்தில் இந்த நகரத்தை ஏற்றுக்கொண்டது. இதை யாரும் அப்போது கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் கவனிக்கவில்லை.

இந்த அமைப்பு 2004ல் ஏற்பட்டது. ஜெய்ப்பூரும் வாரணாசியும் 2015லேயே சேர்ந்துவிட்டன. பிறகு மும்பை, ஹைதராபாத், ஸ்ரீநகர். 2023ல் குவாலியர் இசைக்காகவும் கோழிக்கோடு இலக்கியத்துக்காகவும் சேர்ந்தன. (இலக்கியத்துக்காக ஒரு நகரத்தை அடையாளம் காட்ட முடியும் என்பதே நம்மவர்களுக்கு வயிற்றெரிச்சலைக் கொடுக்க வேண்டிய செய்தி. கொடுக்கவில்லை.) நாலு வருஷத்துக்கு ஒரு தடவை என்ன செய்தோம் என்று அறிக்கை அனுப்ப வேண்டும். கலாச்சார வாழ்க்கையில் எல்லாரும், குறிப்பாக ஓரத்தில் இருக்கிறவர்கள், பங்குபெறும்படி செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று. சென்னையின் தகுதி என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 1927ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாடு, அதன் தொடர்ச்சியாக 1928ல் ம்யூசிக் அகாடமி, பிறகு மார்கழி, சபாக்கள், கான்டீன். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மயிலாப்பூரில் டிசம்பரில் நடப்பதை அம்பத்தூருக்கு மாதிரியாகக் காட்டினால் அம்பத்தூர்க்காரன் செய்யக்கூடியது ஒன்றுதான். பஸ் பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் எழுந்து வருவது.

அம்பத்தூரில் படைப்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே அதற்கு வேறு பெயர், உற்பத்தி. 1950களின் தொடக்கத்திலேயே இங்கே சைக்கிள் செய்தார்கள். தொழிற்பேட்டை 1964ல் வந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. பத்து வருஷம் கழித்து, 1965ல், அதே ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. தீர்மானம் என்னவாயிற்று என்பதை விடுங்கள், டாங்கி ஓடியது. சோழமண்டலத்தில் 1966ல் பணிக்கரும் நண்பர்களும் பாத்திக் துணி விற்ற பணத்தில் நிலம் வாங்கிக் கலைஞர் கிராமம் அமைத்தபோது, நகரத்தின் இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் லேத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கடற்கரைப் பக்கம் கலையும் ஏரிப் பக்கம் தொழிலும் என்று யாரும் திட்டமிடவில்லை. அப்படி அமைந்துவிட்டது. ஆயுத பூஜையன்று தொழிற்பேட்டைக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு நாள் ஒவ்வொரு பட்டறையும் எப்படி இருக்கும் என்று. லேத்தின் பெட்டைத் துடைத்து எண்ணெய் தடவி, சக்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்றுகளுக்கு நடுவே அதை நிறுத்தியிருப்பார்கள். ஒரு பட்டறையில், வருஷம் முழுக்கக் கழிவாகப் போகிற இரும்புச் சுருள்களில் நீலம் பாய்ந்த நீளச் சுருள்களாகப் பொறுக்கியெடுத்து மிஷினுக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்தேன். யார் செய்தது என்று கேட்டேன். "பசங்க" என்றார்கள்.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2003 ஆகஸ்டில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு கூட்டம் என்று ஆரம்பித்தோம். நாலைந்து பேர் எழுதுகிறவர்கள், மற்றவர்கள் படிக்கிறவர்கள். கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தவருக்கு பட்டரவாக்கத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. ஒரே ஒரு லேத், இரண்டு ஆள், பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். அவரை இனி லேத்காரர் என்றே சொல்கிறேன். முதல் கூட்டத்தன்று உட்காருவதற்கு எதுவும் இல்லையென்று நண்பர் அவரிடம் கேட்க, மகளுடைய மஞ்சள் நீராட்டுக்கு வாங்கிய பவானி ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார். சிவப்பும் நீலமுமாகப் பட்டைகள் போட்டது. விரித்துவிட்டுக் கீழே போகாமல் ஓரத்தில் உட்கார்ந்தார். அடுத்த மாதமும் அப்படியே. ஏழு வருஷம் அப்படியே.

அவருக்குக் கவிதையில் ஈடுபாடு இருந்ததாக நான் பொய் சொல்ல மாட்டேன். சில கூட்டங்களில் தூங்கியிருக்கிறார். ரகசியமாக எழுதிக்கொண்டிருந்தவரும் அல்ல. அப்படிப்பட்ட கதைகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவர் செய்தது வேறு. ஜாப் ஒர்க் கணக்கு எழுதுகிற நீள நோட்டில், கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக, ஒவ்வொரு கூட்டத்துக்கும் எத்தனை பேர், யார் யார் என்று எழுதி வைத்தார். முதல் கூட்டத்துக்கு 9 பேர் என்பதும், 2006 டிசம்பரில் 31 பேர் என்பதும் அந்த நோட்டால்தான் எனக்குத் தெரியும். வராதவர்களை அடுத்த வாரத்தில் டீக்கடையிலோ பஸ்ஸிலோ பார்த்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார். கேட்கிற தொனியில் குற்றச்சாட்டு இருக்காது, ஒரு தகவலுக்காகக் கேட்பதுபோல் இருக்கும்.

அப்படிக் கேட்டதில் அவர் கண்டுபிடித்த முதல் விஷயம், எங்களில் யாருக்கும் தோன்றாதது: ஷிப்ட். காலை ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து, பத்திலிருந்து ஆறு. கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்று நாங்கள் போட்டதுமே இரண்டாவது ஷிப்ட்காரன் வெளியே நின்றுவிட்டான். ஷிப்ட் வாராவாரம் மாறும். அதனால் ஒரு மாதம் வருகிறவன் அடுத்த மாதம் வரமாட்டான். நாங்கள் இதை ஆர்வக் குறைவு என்று எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்னதன் பேரில் ஒரு மாதம் காலை பத்தரைக்கும் மறுமாதம் சாயங்காலத்துக்குமாக மாற்றினோம். 9 பேர் 31 பேர் ஆனதற்கு எங்களுடைய கவிதை காரணம் என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

இரண்டாவது விஷயம், வருகிறவன் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடுவது. டீக்கு ஃப்ளாஸ்க் எடுத்துப் போகிறவன் ஒருவன். தண்ணீர்க் குடம் ஒருவன். 2008ல் மின்வெட்டு ஆரம்பித்ததும் பாட்டரி விளக்கு ஒருவன் பொறுப்பு. வெளியூரிலிருந்து எழுத்தாளர் வந்தால் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவது, இரவு ஷிப்ட் முடித்து வந்த ஒரு பையனுடைய வேலை. தூங்காத கண்ணோடு அவன் போவான். இன்றைக்கு வேண்டாம் நீ தூங்கு என்று நான் ஒரு தடவை சொன்னதற்கு அந்தப் பையனின் முகம் விழுந்துவிட்டது. நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2010ல் ஒரு ஸ்தாபனம் எங்களுக்கு இலவசமாக ஹால் கொடுத்தது. நாற்காலி, மின்விசிறி, மைக், பின்னால் கட்டுவதற்குத் துணிப் பதாகை, அவர்களே ஏற்பாடு செய்யும் டீ, பிஸ்கட். எங்களுக்கு ஒரே பெருமை. மொட்டை மாடியிலிருந்து கூடத்துக்கு வந்ததை ஒரு வளர்ச்சி என்றே எண்ணினோம். பன்னிரண்டு கூட்டம் நடந்தது. கடைசிக் கூட்டத்தில் பேச்சாளரையும் சேர்த்து நாலு பேர். இந்த எண்ணிக்கையை நானே எண்ணினேன். நோட்டு அப்போது இல்லை. லேத்காரர் இரண்டாவது கூட்டத்திலிருந்தே வரவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு பஸ் நிலையத்தில் பார்த்தபோது கேட்டேன். "நல்லாத்தானே சார் நடக்குது. சேர் இருக்குது, ஃபேன் இருக்குது, டீயும் அவங்களே குடுத்துர்றாங்க. எனக்கு அங்க இன்னா வேலை?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அதை மனத்தாங்கல் என்று அர்த்தப்படுத்திக்கொண்டேன். அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். தொழிற்பேட்டை மனிதர்களின் ரசனை வறட்சி பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பத்திரிகை ஒன்றில் அச்சாக்கினேன். ஷிப்டும் கடன் தவணையுமாகத் தேய்ந்துபோன பிரக்ஞையில் கவிதைக்கு இடமில்லை என்பது அதன் சாரம். நண்பர்கள் பாராட்டினார்கள். அதைத் தேடியெடுத்து யாரும் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் கேட்டது ஒரு உண்மையான கேள்வி என்று எனக்கு விளங்கியது பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு ஊரில், திரௌபதி அம்மன் திருவிழாவில். கூத்துப் பார்க்கத்தான் போயிருந்தேன். கூத்து பார்க்கும் பழக்கம் எனக்கு ந. முத்துசாமியின் கட்டுரைகளால் வந்தது. நம்மில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். தெருக்கூத்தை அசட்டுக் கிராமத்து விஷயம் என்று ஒதுக்கி வைத்திருந்த வாசகர்களை அதன் முன்னால் உட்காரவைத்தவர் அவர். 1977ல் கூத்துப்பட்டறை வந்தது. அவர் 2018ல் காலமாகும்வரைகூட அந்த வாதத்தின் சூடு ஆறவில்லை. ஆனால் அவரைப் படித்துவிட்டுப் போன நாம் எதைப் பார்த்தோம்? கட்டியக்காரனைப் பார்த்தோம், அடவைப் பார்த்தோம், கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பார்த்தோம். நவீன நாடகத்துக்கு இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டோம். திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த ஊரில் எனக்கு இடம் கிடைத்தது ஒரு வீட்டுத் திண்ணையில். கொடியேறிக் காப்புக் கட்டியாகிவிட்டால் ஊர்க்காரன் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்றார்கள். பகலில் பாரதம் படிக்கிறார்கள், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு மரம் நட வேண்டும். படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணால் செய்ய வேண்டும், மல்லாந்து படுத்த நிலையில், ஒரு வீட்டு நீளத்துக்கு. மண் வெட்ட ஒரு கூட்டம், தண்ணீர் சுமக்க ஒரு கூட்டம், தீமிதிக்குக் கட்டை அடுக்க ஒரு கூட்டம். தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பையன்கள் லீவு போட்டுவிட்டு வந்து துரியோதனனுடைய கால் விரலை இழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன், நகம் சரியாக வரவில்லை என்று மூன்று தடவை அழித்துச் செய்தான். மறுநாள் பீமன் வந்து தொடையில் அடித்ததும் எல்லாம் மண்தான். அவனைப் பொறுத்தமட்டில் நகம் சரியாக வர வேண்டும். அவன் கூத்து பார்த்தானா? சரியாகப் பார்க்கவில்லை. பாதி நேரம் பெட்ரோமாக்ஸ் காலத்துப் பழக்கம்போல் ட்யூப்லைட்டுக் கம்பங்களைச் சரிபார்த்துக்கொண்டு திரிந்தான். ஆனால் அடுத்த வருஷம் அவன் வராமல் இருந்தால் அந்த இடத்தில் ஒரு குறை தெரியும். அது அவனுக்கும் தெரியும்.

இதைச் சொன்னவுடன் கிராமத்துச் சமூக வாழ்வின் முழுமை என்று ஆரம்பித்துவிடக் கூடாது. அந்தத் துரியோதனனுக்கு யார் மண் வெட்டலாம், யார் வெட்டக் கூடாது என்பது பிறப்பால் தீர்மானமானது. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இதே திரௌபதி அம்மனின் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். தலித்துகள் உள்ளே போவதைத் தடுத்ததால் வந்த தகராறு. எல்லாருக்கும் ஒரு வேலை என்கிற ஏற்பாட்டின் மறுபக்கம், இவனுக்கு இந்த வேலைதான் என்பது. சிலருக்கு வாசலுக்கு வெளியேதான் வேலை. நகரத்துக்கு நாம் ஓடி வந்ததே இதிலிருந்து தப்பிக்கத்தான். ஆனால் ஓடி வந்த இடத்தில் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தது நாற்காலி மட்டும்.

நகரம் முயற்சி செய்யாமல் இல்லை. 2007 பொங்கலை ஒட்டிச் சென்னை சங்கமம் வந்தது. பறையையும் கரகத்தையும் கூத்தையும் பூங்காக்களுக்கும் தெருவுக்கும் கொண்டுவந்தார்கள். இடையில் நின்றுபோய் 2023ல் மறுபடி வந்தது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு ஊதியமும் மரியாதையும் கிடைத்தன. இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். நானே பார்த்து ரசித்திருக்கிறேன். ஆனால் பார்க்கத்தான் செய்தேன். நாலு நாள் கழித்துப் பூங்கா பழையபடி பூங்கா. 2015ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்புக்குள்ளேயே, டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் இன்னும் சிலரும் விழா ஒன்று நடத்தினார்கள். சபா சங்கீதம் அங்கே போயிற்று என்பதைத்தான் பத்திரிகைகள் பேசின. எனக்கு முக்கியமாகப் படுவது, குப்பத்துக்காரர்களும் விழாவை நடத்துகிறவர்களாக இருந்தார்கள் என்பது. விருந்தாளியை வரவேற்கிறவனுக்குத் தன் தெருவைக் கூட்டிவைக்க வேண்டியிருக்கிறது. அழைக்கப்பட்டவனுக்கு அந்தக் கவலை கிடையாது.

வேலை என்று நான் சொல்வது எடுபிடி வேலையை மட்டும் அல்ல. பணத்தைப் பற்றித் தீர்மானிப்பதும் வேலைதான். 1948ல் இந்த மாகாணம் நூலகச் சட்டம் கொண்டுவந்தது. ரங்கநாதனின் விடாமுயற்சி. இன்றும் வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிறோம். ரசீதில் தனியாகவே போட்டிருக்கும். அந்தப் பத்து பைசாவில் எங்கள் தெருவுக்கு என்ன வரலாம் என்று எந்தக் காலத்திலாவது ஒருவரையாவது கேட்டார்களா? பிரேசிலில் போர்த்தோ அலெக்ரே என்ற நகரத்தில் 1989லிருந்து நகராட்சியின் முதலீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவழிப்பது என்று பேட்டைவாசிகளே கூடித் தீர்மானித்தார்கள். சாக்கடையா, பள்ளிக்கூடமா, எந்தத் தெரு முதலில் என்று. வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அங்கேயும் பின்னால் தீர்மானங்கள் நிறைவேறுவது குறைந்தது. 2017ல் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

நம்முடைய பகுதி சபை இதற்கு ஒரு தூரத்து உறவு. 1992ன் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பெரிய நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் வந்து, வார்டைப் பகுதிகளாகப் பிரித்துச் சபை கூட்ட ஆரம்பித்தது 2022 நவம்பரில். முப்பது வருஷம். எங்கள் பகுதியில் பின்னால் கூடிய ஒரு சபைக்கு நான் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, மேஜை, மைக். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, நாய். ஒவ்வொருவராக எழுந்து சொல்ல, ஒருவர் எழுதிக்கொண்டார். நானும் எழுந்து, இந்தப் பகுதியில் மாலையில் உட்கார்ந்து படிக்கவும் கூடிப் பேசவும் ஒரு இடம் வேண்டும், பூட்டிக் கிடக்கிற அறை ஒன்று இருக்கிறது, சாவியை எங்களிடம் கொடுத்தால் நாங்களே பெருக்கித் திறந்து மூடுவோம் என்றேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "மொதல்ல வீட்டாண்ட நிக்கற தண்ணி போவட்டும்ணா, அப்பறம் படிக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எழுதிக்கொண்டவர் என் கோரிக்கையையும் எழுதிக்கொண்டார். சாவி வரவில்லை. இரண்டாவது சபைக்கு முதல் சபைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இல்லை. அவர்கள் அலுத்துப்போனார்கள் என்று எழுத என் கை பரபரத்தது. பழைய கட்டுரை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். குறையைச் சொல்லியாயிற்று, எழுதிக்கொண்டாயிற்று. மறுபடி வந்து அவர்கள் செய்வதற்கு என்ன இருக்கிறது?

அந்த அம்மாள் சொன்னது சரியென்று ருசுவாக அதிக நாள் ஆகவில்லை. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் ஏறி நின்றது. கொரட்டூர், பட்டரவாக்கம் பக்கமெல்லாம் அதே கதை. எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. அந்த மூன்று நாளில் தெரு நடந்த விதத்தை நான் பெரிதாக்க விரும்பவில்லை, வெள்ளக் காலத்து மனிதாபிமானத்தைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். பெரியவர்கள் இருக்கிற வீடு எது, பால் குடிக்கும் குழந்தை இருக்கிற வீடு எது என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு மாட்டினார்கள். போட்டது பத்தாவது படிக்கும் பெண். வீடுகளுக்குப் பதிலாக அந்தந்த வீட்டு வாசல் கதவை வரைந்திருந்தாள், கிரில் டிசைன் முதற்கொண்டு. எங்கள் தெருக் கதவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறானவை என்று அதில்தான் பார்த்தேன். தண்ணீர் வடிந்ததும் காகிதத்தைக் கிழித்துவிட்டார்கள்.

வடிந்த மறுநாள் லேத்காரரின் பட்டறைக்குப் போனேன். இடையில் வருஷக்கணக்காக நான் அந்தப் பக்கம் போனதில்லை. அவருக்கு வயதாகிவிட்டிருந்தது. லேத்தின் இடுப்புவரை சேற்றுக்கோடு. மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பியிருந்தார். வேலையாட்கள் இருவரும் அவரவர் வீட்டுச் சேற்றை வழித்துக்கொண்டிருப்பார்கள், வரவில்லை. தண்ணீர் வடிந்த ஒரே நாளில் பெட்டில் துரு பிடித்துவிடும் என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை. உட்காரவும் ஒன்றும் இல்லை. வேஸ்ட் துணியும் மண்ணெண்ணெய் டப்பாவும் கொடுத்து, லீட் ஸ்க்ரூவைக் காட்டி, "புரிக்குள்ள சேறு உக்காந்துக்கும் சார். பிரஷ்ஷால ஒவ்வொரு புரியா எடுக்கணும். அவசரப்படாதீங்க" என்றார். ஒவ்வொரு புரியாக எடுத்தேன். சாயங்காலம் பாதி முடிந்திருந்தது. கிளம்பும்போது, "நாளைக்கு வருவீங்க இல்ல?" என்றார்.

நாலு நாள் போனேன். என் வாழ்க்கையில் எந்த இலக்கியக் கூட்டத்துக்கும் நான் நாலு நாள் தொடர்ந்து போனதில்லை. முதுகு வலித்தது. கையில் மண்ணெண்ணெய் நாற்றம் சாப்பாட்டிலும் வந்தது. கியர் பாக்ஸிலிருந்து தண்ணீரும் எண்ணெயும் கலந்து மோர்போல் வடிந்ததை மூன்று தடவை வடித்து ஊற்றினோம். கவிதையைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அந்தப் பையன், ஸ்டேஷனுக்குப் போய் எழுத்தாளர்களை அழைத்து வருகிறவன், இப்போது ஒரகடத்தில் வேலையாக இருப்பதாகச் சொன்னார். பழைய நோட்டு எங்கே என்று கேட்டேன். தண்ணீரில் போய்விட்டது, பக்கமெல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிட்டது என்று சொல்லி அலமாரிக்குக் கீழே கையைக் காட்டினார். ஒரு செங்கல்லைப்போல் இருந்தது.

நாலாவது நாள் மத்தியானம் மோட்டார் வந்து பூட்டினார்கள். சக் சுற்றியது. சத்தத்தில் ஏதோ குறை இருக்கிறது என்றார், எனக்குத் தெரியவில்லை. பின்பக்கம் போய் வரச் சொன்னார். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் சரிவின் மேல் ஜமக்காளம் கிடந்தது. பட்டறையில்தான் வைத்திருந்தாராம், இரண்டு நாளாகக் காய்கிறதாம். சிவப்பும் நீலமும் சேற்றுக்கு அடியில் பட்டையாகத் தெரிந்தன. ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். "இழுத்துப் புடிங்க சார்" என்றார். உதறினோம். சேறு தூளாகக் கொட்டியது.